எலும்பு அனுப்பிய செய்தி

கோழி முட்டையின் வெண்கருவைச் சூடாக்கினால் அது உறைந்து கட்டியாகிறது. அதன்பின் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது மறுபடி நீராவதில்லை. அடுக்களையில் நாள்தோறும் காணும் இந்நிகழ்ச்சியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் 1845 ஆம் ஆண்டின் இறுதியில், லண்டன் மாநகரத்தில், ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்த ஒரு பொருள் இதற்கு மாறாக நடந்துகொண்டது. மெல்லச் சூடாக்கியபோது அது உறைந்தது. கொதிக்க வைத்தபோது கரைந்து மறைந்தது. ஆறவிட்டபோது மீண்டும் உறைந்தது. அதைக் கண்ட மருத்துவர்கள் வியந்தனர். வியப்போடு நில்லாமல் குறித்தும் வைத்தனர். அந்தக் குறிப்பின் பொருள் நன்கு விளங்க 117 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரித்திரம் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். முடிசூட்டு விழாக்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே எனக்குப் பழக்கமானவை. இரத்தத்திலுள்ள புரதங்களைப் பற்றி நான் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் நண்பர் ஒருவர். என்னோடு ஒரே பள்ளியில் நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பின் அவருக்கு முதுகு வலி கண்டது. வயதானால் வருவதுதான் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் தைலம் தேய்த்தார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார், மாத்திரைகளை விழுங்கினார். ஒன்றரை ஆண்டு இவ்வாறு கழிந்தது. பிறகு ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது முதுகெலும்பின் கண்ணி ஒன்று நொறுங்கிப்போயிற்று. அதற்குப் பின்பே இரத்தத்தை முறையாகச் சோதித்தார்கள்.

சோதனைச் சாலையில் கொடுத்த தாளில் ஒரு கோடு வளைந்து வளைந்து வரையப்பட்டிருந்தது. இடப்புறம் உயரமான ஒரு மேடு. அதையடுத்துச் சிறு மேடுகள். வலப்புறத்தில், வெட்டவெளியில் ஒற்றைப் பனை நிற்பதுபோலக் கூரிய முனை ஒன்று. நண்பர் அதை என்னிடம் நீட்டி, "சார், இந்த முனை இங்கே நிற்கக்கூடாதாம். எலும்பு மஜ்ஜையில் நோய் என்கிறார்கள். எலும்புக்குள்ளே நடப்பது இரத்தத்தில் எப்படித் தெரிந்தது? நீங்கள் சரித்திரக்காரர், தேடிச் சொல்லுங்கள்" என்றார். கணக்காசிரியருக்கு விடை மட்டும் போதாது. விடைக்கு வந்த வழியும் வேண்டும். அவருக்காகத் தேடியதையே இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

லண்டன் நோயாளியின் பெயர் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன். மளிகை வணிகர்; வயது 45. 1844 செப்டம்பரில் ஓய்வுக்காக நாட்டுப்புறம் சென்றிருந்தவர், அங்கே ஒரு நிலவறையிலிருந்து தாவி வெளியேறினார். அக்கணம் மார்புக்குள் ஏதோ பட்டென்று முறிந்தாற்போல் உணர்ந்தார். வலியால் சிறிது நேரம் அசையவும் இயலவில்லை. அக்கால வழக்கப்படி மார்பில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். அட்டை விட்டு இரத்தம் வாங்கினார்கள். அவரோ முன்னிலும் நலிந்தார். இரும்புச் சத்தும் கொயினாவும் கொடுத்தபோது சற்றே தேறினார், மறுபடி படுத்தார். 1845 அக்டோபர் இறுதியில் அவரைப் பார்த்துவந்த டாக்டர் தாமஸ் வாட்சன், டாக்டர் வில்லியம் மாக்கின்டயர் என்பவரையும் ஆலோசனைக்கு அழைத்தார். மாக்கின்டயர் நோயாளியின் கால் வீக்கத்தைக் கண்டார். இது மூத்திரப்பையைச் சார்ந்த நோயாயிருக்குமோ, சிறுநீரகத்தைச் சார்ந்ததாயிருக்குமோ என்று ஐயுற்றுச் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். அப்போது கண்டதுதான் தொடக்கத்தில் நான் சொன்ன விந்தை.

நவம்பர் 1 ஆம் நாள், அச்சிறுநீரை ஒரு சோதனைக் குழாயில் அடைத்து, இது யாதென்று வினவும் ஒரு சீட்டோடு ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்பவருக்கு வாட்சன் அனுப்பினார். பென்ஸ் ஜோன்ஸுக்கு அப்போது 31 வயது. மருத்துவர்தான், ஆனால் ஜெர்மனி சென்று லீபிக் என்னும் பேரறிஞரிடம் ரசாயனம் பயின்று வந்தவர். உங்கள் பௌதிகப் பாடத்தில் வரும் மைக்கேல் ஃபாரடேயின் நண்பர். பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இவரே. அப்பொருளை இவர் பலவாறு சோதித்தார். 1000 பங்கு சிறுநீரில் ஏறத்தாழ 67 பங்கு இந்தப் பொருள் இருக்கக் கண்டார். அந்த எண்ணைக் கண்டு அவர் திடுக்கிட்டிருக்க வேண்டும். நம் இரத்த நீரில் உள்ள புரதங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலே ஏறக்குறைய அந்த அளவுதான் வரும். இரத்தத்தில் இருக்கவேண்டிய அளவுக்குப் புரதம், மெக்பீனின் உடலைவிட்டு நாள்தோறும் வழிந்தோடிக்கொண்டிருந்தது.

1846 ஆம் ஆண்டின் முதல் நாள் மெக்பீன் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது, விலா எலும்புகள் மென்மையாகிக் கத்தியால் வெட்டும்படி இருந்தன, தொட்டால் முறிந்தன. உள்ளே செந்நிறமான கூழ் போன்ற பொருள் நிறைந்திருந்தது. ஜான் டால்ரிம்பிள் என்னும் மருத்துவர் அதை நுண்ணோக்கியில் வைத்து, வட்டமும் நீள்வட்டமுமான உயிரணுக்களைக் கண்டு படமாக வரைந்து வெளியிட்டார். ஆனால் இறப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டது வேறு. சிறுநீரில் வெண்புரதம் கழிந்ததால் உடல் நலிந்து இறந்தார் என்பதே அதிலுள்ள காரணம். எலும்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். சிறுநீரில் ஒரு புதிய புரதம். எலும்புக்குள் ஒரு புதிய உயிரணு. இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே காலத்தில் கிடைத்தன. இரண்டையும் இணைத்துப் பார்த்திருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றும். எலும்புகள் மென்மையாகும் மற்ற நோயாளிகளிடமும் இப்பொருளைத் தேடவேண்டும் என்று பென்ஸ் ஜோன்ஸ் எழுதத்தான் செய்தார். அதற்கு மேல் அவரால் செல்ல முடியவில்லை. எலும்பு மஜ்ஜைக்குத் தொழில் ஒன்று உண்டென்பதையே அன்று எவரும் அறியார். மஜ்ஜை எலும்புக்கு உணவு, அல்லது வெற்றிடத்தை நிரப்பும் கொழுப்பு என்பதே அக்காலத்தார் கருத்து. கடிதம் கையில் கிடைத்துவிட்டது. எழுதிய ஊர் எதுவென்று தெரியவில்லை. இதை அவர் குறையாக நான் கருதவில்லை. பிற்காலத்தவர் அறிந்ததை முற்காலத்தவர் அறிந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது சரித்திர மாணவர்கள் தேர்வில் அடிக்கடி செய்யும் பிழை.

புகழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்புரதத்தை உலகம் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்றே வழங்குகிறது. முதலில் சூடாக்கிப் பார்த்தவர் மாக்கின்டயர். அவர் தம் கட்டுரையை 1850 இல்தான் வெளியிட்டார். பென்ஸ் ஜோன்ஸோ 1847 இலும் 1848 இலுமே எழுதிவிட்டார். ஏட்டில் ஏறாத உழைப்புக்கு இப்படித்தான் நேர்கிறது. எனக்கு மாக்கின்டயர் மீதுதான் பரிவு.

மஜ்ஜையின் தொழில் 1868 இல் வெளிப்பட்டது. அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த கோனிக்ஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் நியூமான் என்பவர் எலும்பைப் பிழிந்து சாறெடுத்துப் பார்த்தார். அதில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் முதிராத பருவத்தில் இருந்தன. இரத்தம் பிறக்குமிடம் எலும்பின் உட்புறமே என்று அவர் அறிவித்தார். இத்தாலியில் பிட்ஸோட்ஸெரோ என்பவரும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தார். முதலில் பலர் நம்பவில்லை. பின்னர் வெள்ளை அணுக்களிற் பெரும்பாலானவையும் அங்கேயே தோன்றுகின்றன என்பதும் தெளிவாயிற்று. 1889 இல் ஓட்டோ காலர் என்னும் பேராசிரியர், எலும்பு வலியும் எலும்பு முறிவும் சிறுநீரில் இப்புரதமும் ஒன்றாகச் சேர்ந்து வரும் நோயை விரிவாக எழுதினார். 1900 இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹோமர் ரைட், இந்நோயில் மஜ்ஜையை அடைத்துக்கொள்வது பிளாஸ்மா அணு என்னும் உயிரணுவே என்று காட்டினார். பிளாஸ்மா அணு என்பது வெள்ளை அணுக்களின் குலத்தில் ஒன்று. லிம்ஃபோசைட் என்னும் வெள்ளை அணு முதிர்ந்து இவ்வுருவை அடைகிறது. டால்ரிம்பிள் வரைந்த படங்களை இன்றைய மருத்துவர்கள் பார்த்தால் இவ்வணுக்களையே அடையாளம் காண்பார்கள்.

ஆயினும் உயிரோடிருப்பவரின் எலும்புக்குள் பார்ப்பது எப்படி? 1920 களின் பிற்பகுதியில் ரஷியாவின் லெனின்கிராடு நகரில் அரின்கின் என்னும் மருத்துவர், மார்பெலும்பில் ஊசியைச் செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கும் முறையைக் கண்டார். அது பெரும் பேறு. ஆனால் ஊசி ஓரிடத்தைத்தான் தொடும். அங்கே நோய் இல்லாமலும் இருக்கலாம். வாரந்தோறும் எலும்பைத் துளைத்துப் பார்க்கவும் இயலாது. மஜ்ஜை முழுவதும் என்ன செய்கிறது என்பதை, அதைத் தொடாமலே அறியும் வழி ஒன்று வேண்டியிருந்தது. அது இரத்தத்தில் இருந்தது.

ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் ஆர்னே டிசெலியஸ் என்பவர் 1937 இல் ஒரு கருவியை வெளியிட்டார். புரதக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒவ்வொரு புரதமும் தன் தன் மின்னேற்றத்துக்கு ஏற்ப வெவ்வேறு வேகத்தில் நகரும். ஓட்டப்பந்தயத்தில் பிள்ளைகள் பிரிவதுபோல அவை பிரிந்து நிற்கும். முன்னே செல்வது ஆல்புமின். அதன்பின் ஆல்ஃபா, பீட்டா, காமா என்னும் குளோபுலின் கூட்டங்கள். இப்பணிக்காக 1948 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1939 இல் நியூயார்க் நகரின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் லாங்ஸ்வொர்த்தும் அவருடைய துணைவர்களும் இதே நோயாளிகளின் இரத்தத்தை இக்கருவியில் இட்டார்கள். நலமுள்ளோரிடம் அகன்று தாழ்ந்த மேடாயிருக்கும் இடத்தருகே, நோயாளிகளின் வரைபடத்தில் உயர்ந்து குறுகிய முனை ஒன்று எழுந்தது. என் நண்பரின் தாளில் கண்ட ஒற்றைப் பனை அதுதான்.

ஏன் மேடு, ஏன் முனை? இதை அவருக்கு விளக்க எனக்குப் பள்ளிக்கூடமே கைகொடுத்தது. நம் உடலில் பிளாஸ்மா அணுக்கள் கணக்கற்ற வகையின. ஒவ்வொரு வகையும் ஒரே ஒரு விதமான எதிர்ப்புப் பொருளை மட்டும் செய்யும்; அதைச் செய்து இரத்தத்தில் விடும். இவையே எதிர்ப்புப் பொருளைச் செய்கின்றன என்பதை ஸ்டாக்ஹோம் நகரத்து அஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் என்னும் அம்மையார் 1948 இல் நிலைநாட்டினார். வகுப்பில் 50 மாணவர்கள் கட்டுரை எழுதினால் 50 விதமான கையெழுத்து இருக்கும். பொருள் ஒன்றாயினும் நடை வேறுபடும். அதுவே அகன்ற மேடு. 40 தாள்களில் ஒரே வாக்கியம், ஒரே பிழை, ஒரே அடித்தல் திருத்தல் வருமானால், திருத்தும் ஆசிரியர் என்ன நினைப்பார்? எழுதியவன் ஒருவன், மற்றவை படிகள். ஒரே ஒரு பிளாஸ்மா அணு கட்டுக்கடங்காமல் பெருகித் தன் படிகளால் மஜ்ஜையை நிரப்பிவிட்டது என்பதற்கு அந்தக் கூரிய முனை சாட்சி. நண்பர் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் இது காப்பியடித்த நோய்" என்றார்.

இப்போது பழைய கடிதத்துக்கு வருவோம். 1956 இல் கார்ன்கோல்டு, லிப்பாரி என்னும் இருவர், பென்ஸ் ஜோன்ஸ் புரதம் இரு வகைப்படும் என்று கண்டனர். அவ்வகைகளுக்குக் கப்பா, லாம்டா என்ற கிரேக்க எழுத்துப் பெயர்கள் அவ்விருவர் பெயர்களின் முதலெழுத்தை நினைவூட்டவே வந்தன. 1962 இல் ராக்பெல்லர் நிலையத்தில் ஜெரால்டு எடல்மானும் ஜோசப் காலியும் இறுதி முடிச்சை அவிழ்த்தார்கள். எதிர்ப்புப் பொருளின் மூலக்கூறு, கனத்த சங்கிலி இரண்டும் இலேசான சங்கிலி இரண்டும் பிணைந்தது. அதிலிருந்து இலேசான சங்கிலியைப் பிரித்தெடுத்துச் சூடாக்கினார்கள். மெல்லச் சூடேறியபோது அது உறைந்தது, கொதிநிலையில் கரைந்தது. மெக்பீனின் சிறுநீர் செய்ததையே அது செய்தது. பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்பது பிணைக்கப்படாமல் மிஞ்சிப்போன இலேசான சங்கிலி என்பது அன்று உறுதியாயிற்று. மின்சாரக் கருவிகள் மலிந்த ஆய்வுக்கூடத்தில், 1845 இல் செய்த சோதனையே சான்றாக நின்றது எனக்குப் பெருவியப்பைத் தந்தது. எதிர்ப்புப் பொருளின் கட்டமைப்பை ஆராய்ந்ததற்காக எடல்மானும் இங்கிலாந்தின் ராட்னி போர்ட்டரும் 1972 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இலேசான சங்கிலி சிறியது. அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 25,000. ஆல்புமினுடையது 66,000 அளவு. ஆகவே சிறுநீரகத்தின் சல்லடையில் ஆல்புமின் தங்க, இது நழுவிவிடுகிறது. அளவு மிகும்போது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அடைத்துக்கொண்டு அவற்றையும் கெடுக்கிறது. மெக்பீனின் கால் வீக்கத்தைக் கண்டு சிறுநீரகத்தை ஐயுற்ற மாக்கின்டயர் முற்றிலும் வழி தவறிவிடவில்லை.

மஜ்ஜையின் நிலையை அறிவிக்கும் புரதம் இது ஒன்றே அன்று. அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினுக்கு முன்னரே, 1922 இல், லைசோசைம் என்னும் பொருளைப் பற்றி எழுதினார். சளியிலும் கண்ணீரிலும் உள்ள அது சில கிருமிகளைக் கரைத்துவிடும். கண்ணீர் சேகரிப்பதற்காக அவர் எலுமிச்சையைப் பிழிந்து தம் கண்ணிலும் துணைவர் கண்ணிலும் விட்ட செய்தி வேடிக்கையானது. மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளை அணுக்களிற் சில வகைகள் இப்பொருளைத் தம்முள் நிறைய வைத்திருக்கின்றன. 1966 இல் நியூயார்க்கில் ஆஸர்மானும் லாலரும், மோனோசைட் என்னும் வெள்ளை அணு அளவிறந்து பெருகும் இரத்தப் புற்றுநோயில் இரத்தத்திலும் சிறுநீரிலும் லைசோசைம் மிகுந்திருப்பதைக் கண்டு வெளியிட்டனர். கிருமிகளால் கலங்கிய நீரில் நோயாளியின் இரத்த நீரை விட்டு, எவ்வளவு விரைவில் தெளிகிறது என்று பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம். தேற்றாங்கொட்டை இழைத்த கலத்தில் கலங்கல் நீர் தெளிவதைக் கண்டிருப்பவர்களுக்கு அக்காட்சி எளிதில் மனத்தில் தோன்றும். காரணம் மட்டும் வேறு. இதனினும் ஒரு தற்செயல். லைசோசைம் மூலக்கூறின் முப்பரிமாண உருவம் 1965 இல் முதன்முதலாக வெளிப்பட்டது லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில். பென்ஸ் ஜோன்ஸ் தம் இறுதிக் காலம்வரை பல்லாண்டு செயலாளராயிருந்த அதே இடம் அது.

நம் நூற்றாண்டின் செய்தியையும் கூறிவிடுகிறேன். சிறுநீரகம் இலேசான சங்கிலிகளில் ஓரளவைத் தானே உட்கொண்டுவிடும். நிரம்பி வழியும்போதுதான் சிறுநீரில் தெரியும். அதாவது, சிறுநீரை மட்டும் நம்பினால் செய்தி காலந்தாழ்ந்து வரும். 2001 இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆர்தர் பிராட்வெல்லும் துணைவர்களும், தனித்துத் திரியும் இச்சங்கிலிகளை இரத்தத்திலேயே அளக்கும் சோதனையை வெளியிட்டனர். கப்பாவும் லாம்டாவும் எந்த விகிதத்தில் உள்ளன என்று பார்ப்பதே அதன் உயிர்நிலை. 2014 இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த விதியின்படி, ஒருவருக்கு எலும்பு முறியாவிட்டாலும், அவ்விகிதம் 100 மடங்கை எட்டி, சோதனையில் கண்ட வேறு குறிகளும் பொருந்தினால், மருந்தைத் தொடங்கலாம். எலும்பு நொறுங்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

இந்த இடத்துக்கு வந்தபோது என் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. ஒன்றரை ஆண்டுத் தைலமும் ஒத்தடமும் அவர் நினைவுக்கு வந்திருக்கும், எனக்கும் வந்தன. வயதானால் வருவதுதான் என்று நான் சொன்ன வாய்ச்சொல், அந்த அறையில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. பிறகு அவரே, "சார், நாம் பள்ளிக்கூடத்தில் பையன் முகம் வாடியிருந்தாலே கூப்பிட்டு விசாரிப்போம். என் முதுகை விசாரிக்கத்தான் தோன்றவில்லை" என்றார். நான் விடை சொல்லவில்லை.

அவர் இப்போது மருந்து உட்கொண்டு வருகிறார். இந்நோய்க்கான மருந்துகள் சென்ற சில பத்தாண்டுகளில் பெருகியிருக்கின்றன. 1975 இல் கோலரும் மில்ஸ்டைனும், எலியின் இதே புற்று அணுவை நல்ல எதிர்ப்புப் பொருள் செய்யும் அணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்புப் பொருளை வேண்டுமளவு செய்யும் முறையைக் கண்டார்கள். அவ்வழியில் தோன்றிய எதிர்ப்புப் பொருள்களில் ஒன்று 2015 முதல் இந்நோய்க்கே மருந்தாகிவிட்டது. படியெடுக்கும் குற்றத்தை நோயிடமிருந்து கற்றுக்கொண்டு, அதற்கு எதிராகவே மனிதன் திருப்பியிருக்கிறான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்குப் புதிய தாள் வருகிறது. பழைய தாள்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் கட்டி வைத்திருக்கிறார். சென்ற முறை வந்ததை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இருவரும் மேசைமேல் எல்லாத் தாள்களையும் வரிசையாகப் பரப்பினோம். அவர் சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து, பனையின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்து, ஓரத்தில் பென்சிலால் எழுதினார். முதல் தாளில் இருந்ததற்குக் கடைசித் தாளில் கால் பங்குதான் இருந்தது. மறுபடியும் ஒருமுறை அளந்து சரிபார்த்துவிட்டு, அளவுகோலைப் பையில் வைத்துக்கொண்டு, காப்பி கேட்டார்.